அந்நியனுக்குப் பசித்தது

2019ம் வருஷம் ஆடி தொடங்கி ஐப்பசி வரை நான் நோயாளியாக இருந்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் இதைக் கவனித்திருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சுயபிரக்ஞை என்ற வார்த்தையை நாற்பது வருஷமாகக் கட்டுரைகளிலும் டீக்கடைகளிலும் தாராளமாகச் செலவழித்தவர்களில் நானும் ஒருவன். தன் மனத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பவன்தான் எழுதுகிறவன் என்று நம்பியிருந்தேன். பார்க்கிற கருவியே பழுதுபட்டால் அந்தப் பழுதைப் பார்ப்பது எது என்ற எளிய கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

என் மனைவி அதைக் கண்டுபிடித்தது தினசரியிலிருந்து. ஓய்வுபெற்றபின் திருவள்ளூரில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறோம். காலையில் வாசலில் விழும் பேப்பரை நான்தான் எடுத்துவருவேன். தலையங்கம் வரை படித்துவிட்டுத்தான் காபி. அந்தப் பேப்பர் மடிப்புக் கலையாமல் ஆறு நாள் ஜன்னலோரம் அடுக்கியிருந்ததாம். ஏழாம் நாள், "என்னங்க, பேப்பரை நிறுத்திடலாமா?" என்று கேட்டாள். "நிறுத்திடு" என்றேன். பேப்பர் விஷயத்தில் முப்பது வருஷமாக அவளோடு சண்டை போட்டவன் நான். என்னைக் கோபப்படுத்தத்தான் அப்படிக் கேட்டாளாம். கோபம் வராததுதான் அவளைப் பயமுறுத்தியது என்று பிறகு சொன்னாள்.

எனக்கு என் நிலைமைக்கு விளக்கங்கள் இருந்தன. வயது, ஓய்வு, தேசத்தின் போக்கு, இலக்கியத்தின் போக்கு. இந்த விளக்கங்கள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமானவை. உலகத்தைப் பற்றிய என் அபிப்பிராயம்தான் இருண்டிருக்கிறது, நான் அல்ல என்று நினைத்துக்கொண்டேன். படித்தவன் நோயில் இது ஒரு தனி வசதி. அவன் அறிகுறிகளுக்கு அடிக்குறிப்பு எழுதிவிடுகிறான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றியல்ல. எனக்கு முன்னால் இதே நோயை ஒருவனிடம் பார்த்தும், அது என்னவென்று தெரியாமல் போனதைப் பற்றி. தெரியாமல் போனதற்கு நாம் படித்த புத்தகங்களும் ஒரு காரணமோ என்ற சந்தேகத்தைப் பற்றி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் 1982லிருந்து டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஜாகை பொன்னேரி. காலை லோக்கலில் கவரப்பேட்டை தாண்டினால் அடுத்தது கும்மிடிப்பூண்டி, இறங்கி சைக்கிள். உலையில் ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சிய இரும்புக் கட்டிகள் உருளைகளுக்குள் நுழைந்து நுழைந்து மெலிந்து கடைசியில் கம்பியாகி ஆறப்போடும் மேடைக்கு வரும். கட்டி வழியில் எங்காவது நின்று ஆறிவிட்டால் பிறகு எந்த உருளையும் அதை ஏற்காது. வெட்டி எடுத்துத் திரும்ப உலையில்தான் போட வேண்டும். இதெல்லாம் எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்ததுதான். என் வேலை மஸ்டர் ரோல். யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை நிமிஷம் தாமதம், எத்தனை மணி ஓவர்டைம்.

அவன் ஃபிட்டர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆரம்பாக்கம் பக்கம் அது சகஜம். என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவான். நான் லோக்கலில் படித்துக்கொண்டு வந்த பத்திரிகைகளை ஒருநாள் எட்டிப் பார்த்து, "இது என்னாண்ணா, கவிதைன்றாங்க, பாதிக்கு மேல வெள்ளைத் தாளா விட்டுட்டாங்களே" என்றான். நல்ல கேள்வி. அதிலிருந்து பழக்கம். படிக்க ஆரம்பித்தான். அவன் படிப்பு எங்கள் படிப்பைப் போல இல்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவான். யார் எழுதியது என்று பார்ப்பதில்லை.

1993 மத்தியில் அவனுக்கு அது தொடங்கியிருக்க வேண்டும். இப்போது யோசித்தால் என் கையெழுத்திலேயே அந்த நோயின் வளர்ச்சி முழுவதும் பதிவாகியிருக்கிறது. ஆறு வருஷத்தில் மூன்று நாள் மட்டும் லீவு எடுத்தவன் முதலில் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் தாமதமாக வந்தான். பிறகு ஏ ஷிப்டில் மட்டும் தாமதம். பி ஷிப்டுக்கு ஒழுங்காக வந்தான். காலை வேளை அவனுக்கு மற்ற வேளைகளைவிடக் கொடியதாக இருந்திருக்கிறது. இந்த நோயில் அது சாதாரணமாகக் காணப்படுகிற குணம், மாலையில் கொஞ்சம் இளகும். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், இவன் காலையில் எழுந்திருக்கச் சோம்பல்படுகிறான் என்பதுதான். உண்மையில் அவன் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தவன். ஷிப்டு ஊரில் தூக்கமின்மை ஒரு அறிகுறியே அல்ல. இரவு ஷிப்டு பார்த்தவன் பகலில் தூங்காததும், பகல் ஷிப்டு பார்த்தவன் இரவில் தூங்காததும் எல்லோரும் அறிந்த சங்கதி. நோய் ஒளிந்துகொள்ள அதைவிடச் சௌகரியமான இடம் கிடைக்காது.

அட்வான்ஸ் கேட்பதை நிறுத்திவிட்டான். மாதம் இருபது தேதிக்கு மேல் என் ஜன்னலுக்கு வந்து தலையைச் சொரிந்துகொண்டு நிற்பவன் நான்கு மாதம் வரவில்லை. பையன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். எதற்கும் ஆசைப்படாதவனுக்குக் கடன் தேவைப்படுவதில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டை கேட்டுக்கு வெளியே நாய்களுக்குப் போட்டான். கேட்டதற்கு "வாசனையே இல்லண்ணா, மண்ணு தின்றாப்பல இருக்கு" என்றான். பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான். பேச்சு மெதுவாயிற்று. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் அடுத்த ஆள் ஜன்னலுக்கு வந்துவிடுவான். ஒருநாள் ஹெல்பர் பையன்மேல் ஸ்பானரை வீசினான். அதற்கு முன்னும் பின்னும் அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆண்பிள்ளைகளிடம் இந்த நோய் அழுகையாக வராமல் எரிச்சலாக வருவதுண்டு. எரிச்சல்படுகிறவனிடம் யாரும் பரிதாபம் காட்டுவதில்லை.

உடம்பு வலி, தலைக்கனம், மார்பில் பாரம் என்று மருத்துவரிடம் போய்வந்தான். சத்து மாத்திரை கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவன் சொன்னது உடம்பைத்தான். நம் ஊரில் மனம் தன் வழக்கை உடம்பின் பெயரில்தான் தாக்கல் செய்கிறது. ஒரே ஒரு தடவை, ஸ்டேஷன் பெஞ்சில், அவன் என்னிடம் தெலுங்கில் சொன்னான்: "மனசு பாகாலேதண்ணா." மனசு நன்றாக இல்லை. தமிழில் கேட்டிருந்தால் அவன் அதைச் சொல்லியிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன். தாய்பாஷையில் தானாக நழுவி விழுந்த வாக்கியம். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பையிலிருந்து 'அந்நியன்' எடுத்துக் கொடுத்தேன். க்ரியா 1980ல் வெளியிட்ட, வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பு. "இதைப் படி, உன்னை மாதிரிதான்" என்றேன்.

பசி போனவனுக்கு, தூக்கம் போனவனுக்கு நான் காம்யுவைக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நவம்பரில் நிர்வாகம் அவனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தது. அடிக்கடி தாமதம், முன்னறிவிப்பில்லாத விடுப்பு, வேலையில் அக்கறையின்மை, சக தொழிலாளியிடம் முறைகேடான நடத்தை. டைப் அடித்தது நான். மூன்று கார்பன் வைத்து, பிழையில்லாமல். அறிகுறிகளின் பட்டியல் குற்றச்சாட்டின் பட்டியலாக மாறுவதற்கு ஒரு தாளும் ஒரு டைப்ரைட்டரும் போதும். அவன் பதில் கொடுக்கவில்லை. கொடுக்க முடிந்திருந்தால் அவன் நோயாளியே அல்ல. 1994 பொங்கலுக்குப் பிறகு மஸ்டர் ரோலில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மசியில் கோடு போட்டேன்.

இங்கே கொஞ்சம் நம் வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நாம் கற்றுக்கொண்ட சொற்கள் என்னென்ன? வெறுமை, சூன்யம், அபத்தம், அந்நியமாதல், இருத்தலின் சுமை. இவை அசலான அனுபவங்களைக் குறித்த சொற்கள் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சொற்கள் நம் கையில் இருந்ததால், ஒருவன் "எனக்கு எதுவும் பிடிக்கவில்லை" என்று சொன்னபோது அவன் ஒரு தரிசனத்தைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டோம். அவன் உடம்பு எடை குறைந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு விழிக்கிறான் என்று கேட்பது நமக்கு ரசனைக் குறைவாகப் பட்டது.

ஆத்மாநாமை நான் நேரில் பார்த்ததில்லை. 1978ல் தொடங்கிய 'ழ' இதழ்களில் படித்ததுதான். 1951ல் பிறந்தவர், 1984 ஜூலை 6ம் தேதி பெங்களூரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டபோது வயது முப்பத்துமூன்று. முந்தின வருஷமே ஒரு முயற்சி நடந்து காப்பாற்றப்பட்டவர். மனநிலை சார்ந்த நோய்க்கு ஆளாகியிருந்தார் என்பது ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது வந்த ஒரே தொகுப்பு 'காகிதத்தில் ஒரு கோடு'. 1989ல் பிரம்மராஜன் முழுத் தொகுதியைக் கொண்டுவந்தார். அந்தத் தொகுதியைப் படித்தவர்களில் பலர் — நானும்தான் — கவிதைகளில் மரணத்தின் முன்னறிவிப்பைத் தேடினோம். கிடைக்கத்தான் செய்தது. முடிவு தெரிந்த பின் தேடினால் எந்தக் கவிஞனிடமும் கிடைக்கும். இப்போது மறுபடி படிக்கும்போது எனக்குத் தட்டுப்படுவது வேறு. அவசரநிலையைப் பார்த்துப் பேசியவர் அவர்; சக மனிதர்களோடு அவருக்கு ஓயாத உறவு இருக்கிறது; விளையாட்டு இருக்கிறது, தெளிவு இருக்கிறது. இவை நோய் எழுதியவை அல்ல. நோய் எதையும் எழுதாது, எழுதவிடாது. இதை நான் அனுபவத்தால் சொல்கிறேன். அந்த நான்கு மாதத்தில் ஒரு போஸ்ட்கார்டுகூட என்னால் முடிக்க முடியவில்லை. மேதைமைக்கும் மனநோய்க்கும் முடிச்சுப்போடும் பழைய ரொமாண்டிக் மூடநம்பிக்கையை நவீனத்துவம் பேசிய நாம் எப்படி இத்தனை சுலபமாக விட்டுவைத்தோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்தக் காலத்துச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவன் அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தின் 309வது பிரிவின் கீழ் குற்றவாளி. ஆகவே குடும்பங்கள் மறைத்தன. மறைத்ததால் மருத்துவம் தள்ளிப்போயிற்று. 2017ம் வருஷத்து மனநலச் சட்டம்தான் அப்படிப்பட்டவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் புதிய சட்டத் தொகுப்பு அமுலுக்கு வந்தபோது அந்தப் பழைய பிரிவு அதில் இடம்பெறவில்லை. சென்னையில் 'ஸ்நேகா' தொடங்கியது 1986ல், ஆத்மாநாம் இறந்து இரண்டு வருஷம் கழித்து. கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரியின் பூர்வீகம் 1794 வரை போகிறது. ஆனால் வெகுகாலமாக அந்த ஊர்ப்பெயரை நாம் வசவாகவே உபயோகித்து வந்திருக்கிறோம். வசவான ஒரு இடத்துக்கு யார் தன் கணவனைக் கூட்டிக்கொண்டு போவாள்?

என் நண்பனின் மனைவி போனாள். ஆனால் உடனே அல்ல. முதலில் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலை கட்டினாள். பிறகு திருவள்ளூருக்கு அமாவாசைக்கு வந்து குளத்தில் வெல்லம் கரைத்தாள். வீரராகவரை வைத்திய வீரராகவர் என்றுதான் சொல்வார்கள். அந்தக் குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. ஹிருதயத்தின் தாபத்தை நாசம் செய்வது. இந்தப் பெயரை எத்தனையோ தடவை வாசித்திருந்தும் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது 2019ல்தான். மனத்தின் வேதனையை ஒரு வியாதி என்று ஏற்று அதற்கென்று ஒரு தீர்த்தத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் அதைத் தத்துவம் என்றோம். இந்த விஷயத்தில் அமாவாசைக் கூட்டம் நம்மைவிட நிதானமாக இருந்திருக்கிறது. (குளம் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. நோய் என்று ஒப்புக்கொள்வது பாதிச் சிகிச்சை என்ற அளவில்தான்.)

1994 சித்திரையில் அவள் அவனைக் கீழ்ப்பாக்கம் வெளிநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். இமிப்ரமின் கொடுத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் ரோலாண்ட் கூன் என்ற மருத்துவர் ஐம்பதுகளில் வேறொரு நோய்க்குப் பரீட்சித்துப் பார்த்து, இந்த நோய்க்குக் கேட்கிறது என்று கண்டு 1957ல் வெளியிட்ட மருந்து. முதல் இரண்டு வாரம் வாய் வறண்டதைத் தவிர ஒன்றும் ஆகவில்லையாம். நிறுத்திவிடலாம் என்றிருக்கிறான். அவள் விடவில்லை. இந்த மருந்துகள் வேலையைக் காட்ட இரண்டிலிருந்து நாலு வாரமாவது ஆகும் என்று யாரோ அவளுக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ ஒருவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆவணியில் அவன் பொன்னேரிக்கு என் வீட்டுக்கு வந்தான். கையில் புத்தகம். திண்ணையில் உட்கார்ந்து, மனைவி கொண்டுவந்த உப்புமாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணா, இவன் என்ன மாதிரின்னு சொன்னீங்களே, இல்லண்ணா. இவன் நல்லா சாப்புடறான். தூங்கறான். கடல்ல நீந்தறான். அந்தப் பொண்ணோட சினிமாவுக்குப் போறான். வெயிலு ஏறுதுன்னு உடம்புல தெரியுது அவனுக்கு. எனக்கு வெயில் அடிக்குதா மழை பெய்யுதான்னே தெரியலண்ணா. இவனுக்கு என்னா கொறை?"

மெர்சோவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட விமர்சனங்களில் பலதை நான் படித்திருக்கிறேன். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. அர்த்தமில்லை என்று அறிந்தவனுக்கு உலகம் வாசனையோடு இருக்கிறது. நோயாளிக்கு அர்த்தம் எல்லாம் இருக்கிறது. கடமை, குற்றம், கடன், பிள்ளைகளின் எதிர்காலம், எல்லாம் அளவுக்கு மீறியே இருக்கின்றன. வாசனைதான் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தோம்.

ஃபிராய்டு 1917ல் எழுதிய கட்டுரையில் துக்கத்துக்கும் மெலங்கோலியாவுக்கும் ஒரு கோடு போடுகிறார். துக்கத்தில் இருப்பவனுக்கு உலகம் ஏழையாகிவிடுகிறது. மற்றவனுக்கு அவனே ஏழையாகிவிடுகிறான், தன்னையே ஏசிக்கொள்கிறான். ஃபிராய்டின் காரண விளக்கங்களை இன்று யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்தக் கவனிப்பு நிற்கிறது. என் அம்மா இறந்தபோது நான் அழுதேன். துக்கம் அலையலையாக வந்தது. நடுவில் பங்காளி ஒருவர் சொன்ன ஹாஸ்யத்துக்குச் சிரித்தேன். பதினாறாம் நாள் பாயசம் இனித்தது. 2019ல் அலையே இல்லை, சமதளம். அழுகைகூட வரவில்லை. சிரிப்புக்கு முகம் ஒத்துழைக்க மறுத்தது. அலமாரியைத் திறந்து எந்தச் சட்டை என்று தீர்மானிக்க முடியாமல் கால் மணி நேரம் நின்றேன். மூன்று மணிக்கு விழிப்பு. விழித்ததும் வரிசையாகக் குற்றங்கள். அவற்றில் முதலாவது எப்போதும் 1993 நவம்பரில் டைப் அடித்த அந்த நோட்டீஸ். என்னால் ஒரு குடும்பம் தெருவில் நின்றது, நான் கொலைகாரன், என் பென்ஷன் பாவப் பணம், பேத்தி என் கையால் சாப்பிடக் கூடாது. இப்படிப் போகும்.

குற்றம் உண்மையானது. அதுதான் சிக்கல். நோய் பொய்யைக் கட்டவில்லை. உண்மையான ஒன்றைத் தேடி எடுத்து, ஊதி, வேறெதுவும் உள்ளே நுழைய இடமில்லாதபடி அடைத்துவிட்டது. குணமான பின் அந்தக் குற்றவுணர்வு மறைந்துவிடவில்லை. தன் அசல் அளவுக்கு வந்து நின்றது. இப்போது அதை என்னால் பார்க்க முடிகிறது. அதைப் பற்றி எழுதவும் முடிகிறது.

இந்த நோய்க்குத் தமிழில் நிலையான பெயர் இல்லாததும் ஒரு இடைஞ்சல். பத்திரிகைகள் மன அழுத்தம் என்கின்றன. அதே சொல்லைப் பரீட்சைப் பயத்துக்கும் ஆபீஸ் நெருக்கடிக்கும் போடுகின்றன. அழுத்தம் என்றால் வெளியிலிருந்து ஏதோ அமுக்குகிறது, அதை எடுத்தால் சரியாகிவிடும் என்று அர்த்தமாகிறது. "உனக்கு என்ன அழுத்தம், பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள்" என்று எனக்கும் சொன்னார்கள். மனச்சோர்வு என்பது இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஆனால் சோர்வுக்கு ஓய்வு போதும் என்ற தொனி அதில் இருக்கிறது. நான் ஓய்வில்தான் இருந்தேன்.

மகள் என்னை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். மாவட்ட மனநலத் திட்டம் வந்தபின் இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. இளம் பெண் மருத்துவர். ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாள். 2001ல் அமெரிக்காவில் தயாரான வினாத்தாள், தமிழில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்: எதிலும் நாட்டமின்மை, மனம் சோர்ந்திருத்தல், தூக்கம் கெடுதல் அல்லது அதிகத் தூக்கம், களைப்பு, பசியில் மாற்றம், தன்னைப் பற்றித் தாழ்வான எண்ணம், கவனம் நிற்காமை, பிறர் கவனிக்கிற அளவு மந்தம் அல்லது பதற்றம், இறந்துவிட்டால் தேவலை என்ற எண்ணம். இருபத்தேழுக்கு எனக்குப் பத்தொன்பது. அந்தத் தாளை வைத்து மட்டும் அவர் முடிவுகட்டவில்லை. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொன்னார். எப்போதாவது இதற்கு நேரெதிராக, தூக்கமே தேவையில்லாமல் உற்சாகம் பொங்கிய நாட்கள் உண்டா என்று கேட்டார். அப்படி இருந்தால் அது வேறு நோய், மருந்தும் வேறாம். கடைசிக் கேள்விக்கு நான் போட்ட எண்ணைப் பார்த்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நேராகவே கேட்டார்: "உயிரை விட்டுடணும்னு தோணுதாய்யா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" மகள் பதறிப்போனாள். எனக்கோ நான்கு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு இறங்கினது போல இருந்தது. கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம். கேட்கப்படாமல் இருப்பதுதான் அதற்கு உரம். 1993ல் ஸ்டேஷன் பெஞ்சில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். "தூங்கி எழுந்துக்காம போனா தேவலண்ணா" என்று அவன் சொல்லியிருக்கிறான். ரயில் வந்துவிட்டது.

எஸிடலோப்ராம். முதல் வாரம் குமட்டல். நாலாம் வாரம் ஒரு காலை, கீழ்வீட்டில் வெங்காயம் தாளிக்கிற வாசனை மாடிக்கு வந்தது. வந்தது என்பதைக் கவனித்தேன். குணமானதும் நிறுத்திவிடக் கூடாது, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும் என்றார்கள். தொடர்ந்தேன்.

2015-16ல் பன்னிரண்டு மாநிலங்களில், தமிழ்நாடு உட்பட, எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 2.7 பேர் இந்த நோயில் அப்போது இருந்தார்கள். இதுவும் பதற்ற நோய்களும் சேர்ந்த பொது வகையில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சைக்கு வரவேயில்லை. கும்மிடிப்பூண்டியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். இன்று அங்கே உலையடியில் நிற்பவர்களில் கணிசமானவர்கள் ஒடிஷாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள். தகரக் கொட்டகையில் முறைவைத்துத் தூங்குகிறார்கள். அவர்களில் ஒருவன் தன் பாஷையில் மனசு சரியில்லை என்று சொன்னால் அது எந்த சூபர்வைசர் காதில் விழும்? 1990லிருந்து அகதிகள் முகாம் ஒன்று அதே ஊரில் இருக்கிறது. அங்கே பிறந்தவர்களுக்கே இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. இழப்பும் காத்திருத்தலும் எங்கே முடிகின்றன, நோய் எங்கே தொடங்குகிறது என்று அங்கே பிரித்துச் சொல்வதற்கு என்னைவிடத் தேர்ந்த கண் வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது, பல பாஷைகளில். அந்த எண் டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் போக நினைத்திருக்கிறேன். இப்போது மஸ்டர் ரோல் கிடையாது. விரலை வைத்தால் மெஷின் பதிந்துகொள்கிறது. அட்வான்ஸ் கேட்க வராதவனை மெஷின் கவனிக்குமா தெரியவில்லை. நானும் கவனித்ததாகச் சொல்ல முடியாது.

நண்பனுக்கு அதன்பின் இரண்டு தடவை திரும்ப வந்தது. இரண்டு தடவையும் அவன் மனைவி முதல் வாரத்திலேயே பிடித்துவிட்டாள். மீசையைத் திருத்திக்கொள்வதை நிறுத்தினால் அவளுக்குப் போதும். ஊத்துக்கோட்டை ரோட்டில் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நோட்டீஸை டைப் அடித்தது நான் என்று 2020ல்தான் அவனிடம் சொன்னேன். "தெரியும்ணா. உங்க மிஷின்ல 'ற' மட்டும் கொஞ்சம் மேல ஏறி விழும்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன தை அமாவாசைக்குத் தர்ப்பணத்துக்கு வந்தவன் எங்கள் வீட்டுக்கும் வந்தான். இரண்டு பேரும் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். நல்ல கூட்டம். வெல்லம் விற்கிறவர்களின் சத்தம்.

"எத்தினி மணிக்கு முழிப்பு வருதுண்ணா?" என்றான்.

"நாலரை."

"நாலரைன்னா வயசு. மூணுன்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் விற்ற மசால்வடையில் நாலு வாங்கிவர எழுந்து போனான்.